வட்டத்துக்கு வெளியே ஒரு ஜோடிக் கண்: குழு ஜிம்னாஸ்டிக்ஸும் பிள்ளைகளின் பின்னூட்டமும்

கும்மி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆடுகிற ஒவ்வொருவரும் எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, "ஏய், கிழக்குப் பக்கம் வட்டம் கோணுது பாருங்கடி" என்று குரல் கொடுப்பாள். உடனே வட்டம் சரியாகிவிடும். ஆடுகிறவர்களைவிடப் பாட்டிக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல முடியாது. அவள் வெளியே இருக்கிறாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், பக்கத்தில் இருப்பவரின் கை தெரியும். வட்டம் தெரியாது.

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் தொடரும் இதே கதைதான். இரண்டு பேர் குட்டிக்கரணம் போட்டு வருவார்கள், மூன்று பேர் ஒற்றைக்காலில் நிற்பார்கள், அப்புறம் ஒருவர் பின் ஒருவராகக் கார்ட்வீல் (கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம் போலச் சுழல்வது), கடைசியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்கும் ஒரு உருவம். தனியாகக் கரணம் போடும் பிள்ளைக்குத் தப்பு நடந்தால் உடம்பே சொல்லிவிடும். தோள் இடிக்கும், பக்கவாட்டில் உருண்டுபோவான். குழுவில் நடக்கும் தப்பு யாருடைய உடம்பிலும் இருக்காது. இரண்டு பேருக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கும், இல்லையென்றால் அரை நொடித் தாமதத்தில் இருக்கும். உள்ளேயிருந்து அதைப் பார்க்க வழியே இல்லை. அதனால் ஒரு குழு செய்ய, இன்னொரு குழு உட்கார்ந்து பார்த்துச் சொல்வதை நேரம் மிச்சமிருந்தால் செய்கிற உபரி வேலையாக நான் நினைப்பதில்லை. குழுத் தொடர் சொல்லிக்கொடுப்பதில் பாதி வேலை அதுதான்.

ஆனால் முதல் நாள் அது எப்படிப் போகும் என்பது உடற்கல்வி ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். ஒரு குழு செய்து முடித்ததும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்பேன். "சூப்பர் சார்" என்று ஒரு குரல். அது குழுவில் இருக்கும் தோழிக்காகச் சொன்னது. "கேவலமா இருந்துச்சு சார்" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். அது நேற்றைய கபடி ஆட்டத்தின் கணக்கு. மூன்றாவது குரல்தான் என்னை உறுத்தும்: "அவன் குண்டா இருக்கான் சார், அதான் லேட் ஆவுது." மூன்று பேரில் ஒருவர்கூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார்கள்.

நம் பிள்ளைகளிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. ஒருவனுடைய தப்பை ஆசிரியர் முன்னால் சொல்வதற்குப் பள்ளிக்கூட வழக்கில் 'போட்டுக்கொடுப்பது' என்று பெயர். நல்ல பிள்ளை, நட்பை மதிக்கிற பிள்ளை, அதைச் செய்யாது. நாம் "தைரியமாகச் சொல்லு, உண்மையைச் சொல்லு" என்று ஊக்குவிப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். அந்தப் பிள்ளைக்கோ நண்பனை மாட்டிவிடச் சொல்வதாகத்தான் கேட்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் 'நம் பிள்ளைகளுக்குக் கருத்துச் சொல்ல வரவில்லை' என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இத்தனைக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் கிரஹாம் நட்ஹால், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சிறு மைக்குகளை மாட்டி, அவர்கள் தங்களுக்குள் பேசுவதையெல்லாம் பதிவு செய்து வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பின்னூட்டத்தில் சுமார் 80 சதவீதம் சக பிள்ளைகளிடமிருந்தே வருகிறது, அதில் பெரும்பாலானது தவறானது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படியென்றால் 'பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, கூடாதா' என்ற கேள்விக்கே இடமில்லை. நாம் அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும் சொல்கிறார்கள். சொல்வதைச் சரியாகச் சொல்லப் பழக்குவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதற்கு வாயைப் பழக்குவதற்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும். இந்த இடத்தில் போட்டி ஜிம்னாஸ்டிக்ஸின் நடுவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பல வருடம் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி வந்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வதில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனிய வீராங்கனை நாடியா கோமனேச்சி வாங்கிய முழு 10 புள்ளியைக் காட்ட முடியாமல் பலகை 1.00 என்று காட்டிய கதை பலருக்கும் தெரியும். அந்தப் பழைய 10 புள்ளி முறை 2006-ல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆட்டத்தின் கடினத்தைக் கணக்கிடுவது ஒரு அணி, செய்த விதத்தில் உள்ள பிழைகளைக் கழிப்பது வேறு அணி. பிழை பார்ப்பவர்களுக்கும் படிகள் உண்டு: சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரியதற்கு 0.5, விழுந்தால் 1.0. 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கும் ரிதமிக் (வளையம், பந்து, ரிப்பன் போன்ற கருவிகளோடு இசைக்கு ஆடும்) குழுப் போட்டியில் 13 மீட்டர் சதுரத்துக்குள் ஐந்து பேர் இரண்டேகால் முதல் இரண்டரை நிமிடம் வரை ஆடுகிறார்கள். 2022 முதல் அங்கே கடினத்துக்கு ஒரு அணி, கலைத்தன்மைக்கு ஒரு அணி, செய்நேர்த்திக்கு ஒரு அணி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பழுத்த நடுவர்களுக்கே பார்வையைக் கூறுபோட்டுத் தர வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் "எப்படி இருந்தது?" என்று மொட்டையாகக் கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். கேள்வியின் குறை அது.

அதனால் என் வகுப்பில் பார்க்கிற குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதிய அட்டை கிடைக்கும். ஒருத்தி தொடக்கத்தை மட்டும் பார்ப்பாள்: ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்களா, இல்லையென்றால் யார் முந்தியது? ஒருவன் நிற்கும் நிலைகளை மட்டும் பார்ப்பான்: மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி முடிக்கும்வரை எல்லாரும் ஆடாமல் நின்றார்களா? இன்னொருத்திக்கு இடைவெளி. வரிசையாக வரும் கார்ட்வீல் 'அலை' வேறொருவனுக்கு: ஒருவர் கால் எங்கே இருக்கும்போது அடுத்தவர் கை கிளம்புகிறது? ஒரே நேரத்தில் எல்லாரும் செய்வதும் அலையாகச் செய்வதும் வேறு வேறு திறமைகள். முதலாவதில் எண்ணிக்கை காதில் ஓட வேண்டும். இரண்டாவதில் பக்கத்து ஆளைக் கண்ணோரத்தில் வைத்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருந்தால்தான் எங்கே பிசகியது என்று சொல்ல முடியும்.

எனக்குப் பிடித்த அட்டை ஐந்தாவது. ஒரு நிலை முடிந்து அடுத்த நிலைக்குப் போகும் வழியை மட்டும் பார்க்கச் சொல்லும் அட்டை அது. பிள்ளைகளுக்குத் தொடர் என்றால் கரணம், கார்ட்வீல், உருவம் இவைதான். நடுவில் நடப்பதெல்லாம் கணக்கில் இல்லை. கரணம் போட்டு எழுந்ததும் சட்டையைக் கீழே இழுத்து விடுவார்கள். ரிப்பனைத் தடவிப் பார்ப்பார்கள். தோழியின் முகத்தைப் பார்த்து "இப்பவா?" என்று கேட்பார்கள். இடம் மாறும்போது சும்மா நடந்து போவார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் போவது போல. இந்த அட்டையை வாங்கிய ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு முறை சொன்னாள்: "சார், மொத்தம் எட்டுத் தடவ சட்டைய இழுத்தாங்க." குழு சிரித்துவிட்டது, அவளும் சிரித்தாள். அடுத்த முறை ஒருவர் கையும் சட்டைப் பக்கம் போகவில்லை. நான் ஒரு மாதமாக "நடுவில் கையைச் சும்மா வையுங்கள்" என்று கத்தியிருக்கிறேன். எட்டு என்ற எண் ஒரே நிமிடத்தில் செய்த வேலையை என் கத்தல் செய்யவில்லை.

ஆசிரியர் இந்த நேரத்தில் என்ன செய்வது? உடற்கல்வி கற்பித்தலில் இதற்குத் தெளிவான பதில் ஒன்று உண்டு. 1966-ல் அமெரிக்காவில் மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளர், கற்பிக்கும் முறைகளை ஆசிரியர் முழுக்க முடிவெடுப்பதில் தொடங்கி மாணவர் முழுக்க முடிவெடுப்பதுவரை ஒரு வரிசையாக அடுக்கிக் காட்டினார். அதில் ஒன்று, இருவர் மாறி மாறிச் செய்யும் முறை. ஒருவர் செய்பவர், ஒருவர் பார்ப்பவர், பார்ப்பவர் கையில் எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. ஆசிரியருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: அவர் செய்பவரிடம் பேசக் கூடாது, பார்ப்பவரிடம் மட்டும்தான் பேச வேண்டும்.

கேட்க எளிது. செய்துபார்த்தால் நாக்கைக் கட்டிப்போட்டது போல இருக்கும். ஒரு பையன் கரணம் போடும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டாமல் உச்சந்தலையை ஊன்றுகிறான். எனக்குத் தெரிகிறது. "தலையை உள்ளே மடக்குடா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் அட்டையோடு நிற்பவளிடம், "அவன் உருளும்போது தரையில் முதலில் எது பட்டது?" என்று கேட்க வேண்டும். அவள் பார்த்திருக்க மாட்டாள். "இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்." இரண்டாம் முறை பார்ப்பாள், கண்டுபிடிப்பாள், அவளே அவனிடம் சொல்வாள். நான் நேரடியாகச் சொல்லியிருந்தால் அவளுடைய வேலை அந்த நொடியோடு முடிந்திருக்கும். அப்புறம் அவள் எதற்கு நிற்க வேண்டும்? இப்போது அவளும் கரணத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டாள், அவள் முறை வரும்போது அது அவள் உடம்புக்குள் போகும். 'கண் பார்த்தால் கை செய்யும்' என்று நம் ஆட்கள் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். (கழுத்துக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நானே நிறுத்துவேன். பாதுகாப்பைக் கவனிப்பது பிள்ளைகளின் வேலை கிடையாது.)

போட்டுக்கொடுக்கும் பயத்துக்கும் இந்த முறையில் மருந்து இருக்கிறது. பார்ப்பவள் என்னிடம் எதுவும் ஒப்பிக்க வேண்டியதில்லை. சொல்வது நேராகத் தோழனுக்கு. நான் கேட்பதெல்லாம் 'நீ என்ன பார்த்தாய்' என்பது பற்றித்தான். முதல் வாரம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவர்கள், மூன்றாவது வாரம் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

அடுத்தது வார்த்தை. இங்கே நான் இரண்டே விதி வைத்திருக்கிறேன். ஒன்று, உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது, அசைவைப் பற்றி மட்டும் பேசலாம். குண்டு, ஒல்லி, குட்டை, நெட்டை, கருப்பு எதுவும் வாயில் வரக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே இல்லை. குழு ஜிம்னாஸ்டிக்ஸில் யார் கீழே, யார் மேலே என்பதை உடல் எடையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். அந்த முடிவே சில பிள்ளைகளுக்குக் காயமாக இருக்கும், அதன்மேல் இன்னொரு பிள்ளையின் சொல்லும் விழக் கூடாது. இரண்டாவது, 'இருக்கு', 'இல்லை' என்று முடியும் தீர்ப்பு வேண்டாம். எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். "நல்லா இல்ல" கூடாது. "மூணு எண்றதுக்குள்ள ரெண்டு பேர் கால கீழ வச்சுட்டாங்க" சரி.

அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர், பிள்ளைகள் ஒருவர் வேலையை ஒருவர் விமரிசிக்கக் கற்றுக்கொடுப்பதில் பேர்பெற்றவர். கருத்து அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய மூன்று நிபந்தனைகள். ஐடஹோ மாநிலத்தில் ஒரு முதல் வகுப்புப் பையன் வரைந்த பட்டாம்பூச்சியின் படங்களை அவர் ஊர் ஊராகக் காட்டுவார். சக பிள்ளைகள் 'இறக்கையின் முனை இன்னும் கூராக இருக்கணும்' என்பது போல ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்ல அவன் திரும்பத் திரும்ப வரைகிறான். ஆறாவது படம் ஏதோ அறிவியல் புத்தகத்திலிருந்து எடுத்தது போல இருக்கிறது. அந்த மூன்று நிபந்தனைகளில் நம் பள்ளிகளில் அடிக்கடி விட்டுப்போவது நடுவில் உள்ளது. அன்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். குறிப்பாகச் சொல்லப் பழக்குவது குறைவு. குறிப்பாகச் சொல்லிவிட்டால் அன்பு பாதி தானே வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். எட்டுத் தடவை சட்டையை இழுத்தார்கள் என்று சொன்னவள் மேல் யாருக்கும் கோபம் வரவில்லையே.

தப்பைக் கண்டுபிடித்த பிறகு, எப்படித் திருத்துவது என்று சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1998-ல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் காலைக் கவனித்தவர்களைவிட, கருவியின் சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பின் உறுப்பை விட்டுவிட்டு, அந்த உறுப்பு வெளியே என்ன செய்கிறது என்பதில் மனசை வைத்தால் அசைவு இயல்பாக வருகிறது என்பதைப் பிறகு வந்த பல ஆய்வுகளும் காட்டின. பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லித் தரலாம். "முழங்கையை மடக்காதே" என்பதற்குப் பதில் "தரையைத் தள்ளு". "காலை நீட்டு" என்பதற்குப் பதில் "கட்டை விரலால் அந்த வேப்பமரத்தைக் காட்டு". குழுவுக்கு என்றால், "சேர்ந்து செய்யுங்கள்" என்று சொல்வதைவிட "ஐந்து பாதமும் ஒரே சத்தமாகக் கேட்கணும்". இந்தக் கடைசி வாக்கியம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தரையில் இறங்கும் சத்தம் 'தட்' என்று ஒன்றாக வருகிறதா, 'தடதட' என்று வருகிறதா என்று கேட்டே ஒற்றுமையைச் சொல்லிவிட்டான்.

மதிப்பெண் போடச் சொல்லலாமா என்று பல ஆசிரியர்கள் கேட்பார்கள். பத்துக்கு எத்தனை என்று அட்டை தூக்கினால் பிள்ளைகளுக்குக் குஷிதான். நான் வேண்டாம் என்பேன். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் வார்த்தை காதில் ஏறுவதில்லை. குழு ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மதிப்பெண்ணே இல்லாத பெரிய மேடையும் உலகத்தில் இருக்கிறது. 1953-ல் ராட்டர்டாமில் தொடங்கி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஜிம்னாஸ்ட்ராடா திருவிழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் குழுவாக ஆடிக் காட்டுகிறார்கள், ஜெயிப்பவரும் தோற்பவரும் கிடையாது. இங்கிலாந்தின் பாடத்திட்டம் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே முன்பு செய்ததோடு ஒப்பிட வேண்டும் என்கிறது. பக்கத்துக் குழுவோடு ஒப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல். போன முறை எட்டு, இந்த முறை ஒன்றுகூட இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே இருக்கும் கண்ணைப் பற்றி. ஆனால் வெளியே இருப்பவருக்குத் தெரியவே தெரியாத ஒன்று உண்டு: பாரம். ஆண்டு விழாவில் பிரமிடு நிற்கும்போது நாம் மேலே கொடி பிடித்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அடி வரிசையில் முழங்காலிட்டிருக்கும் பிள்ளையின் முகம் தரையைப் பார்த்தபடி இருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் 'குமிதைசோ' என்ற கூட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பெரிய மரபு. அடுக்கு ஏற ஏறப் பெருமை. 2015-ல் ஒசாகா மாகாணத்தின் யாவோ நகரில் ஒரு பள்ளியில் பத்தடுக்குப் பிரமிடு சரிந்து மாணவர்கள் காயப்பட்டார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த வருடம் ஒசாகா நகரக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் பிரமிடையே தடை செய்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கடைசி நொடிவரை அழகாகத்தான் தெரிந்திருக்கும். அடியில் இருப்பவர்களுக்கு முன்பே தெரியும், தோளும் முதுகும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அவர்கள் பேசுவதற்கு அந்த அமைப்பில் இடமில்லை. விழா, பெருமை, மேலே நிற்கும் நண்பன், எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிடும்.

அதனால் பார்த்தவர்கள் பேசுவதற்கு முன்னால், செய்தவர்களில் கீழே தாங்கியவர்தான் முதலில் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறேன். "எங்கே கனத்தது? எப்போது ஆடியது?" இரண்டே கேள்வி. ஒரு முறை, வெளியிலிருந்து பார்த்த எல்லாரும் "ரொம்ப ஸ்டெடியா இருந்துச்சு" என்று எழுதி வைத்திருந்த உருவத்தைப் பற்றி, அடியில் இருந்த பையன், "அவ முழங்கால் என் நடுமுதுகுல இருக்கு சார், இடுப்புக்கு மேல வச்சா வலிக்காது" என்றான். சரியான இடம் இடுப்பெலும்புக்கு மேல்தான். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், பயிற்சியில் நகர்ந்துபோயிருக்கிறது, என் கண்ணுக்கே தப்பிவிட்டது. என் பள்ளியில் இப்போது இரண்டு அடுக்குக்கு மேல் போவதில்லை. யாராவது "இறங்கு" என்று சொன்னால் காரணம் கேட்காமல் மேலே இருப்பவர் இறங்கியாக வேண்டும். அந்த ஒரு சொல்லைக் குழு மதிக்கிறதா என்பதை, எல்லா அட்டைகளுக்கும் முன்னால் நான் பார்க்கிறேன்.

நடைமுறையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 40 நிமிட பீரியடில் பிள்ளைகள் வரிசையில் வந்து சேரவே ஐந்து நிமிடம் போய்விடும். ஒரு சுற்று என்பது ஒரு நிமிடத் தொடர், இரண்டு நிமிடப் பேச்சு, உடனே மறுபடியும் அதே தொடர். அந்த 'உடனே மறுபடியும்' விட்டுப்போனால் மற்றதெல்லாம் வீண். கேட்டதை உடம்பில் போட்டுப் பார்க்க வாய்ப்பில்லை என்றால் எதற்காகக் கேட்க வேண்டும்? ஒரு சுற்றில் ஒரே ஒரு திருத்தம் போதும், ஐந்து அட்டைக்காரர்களும் சொன்னதில் எதை எடுப்பது என்று செய்தவர்களே முடிவு செய்யட்டும். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டலாம், மெதுவாக ஓட்டினால் அரை நொடித் தாமதம் பளிச்சென்று தெரியும். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு எடுத்து, பார்த்ததும் அழித்துவிட வேண்டும். ஆனால் வீடியோ வந்த பிறகு பிள்ளைகள் நேரில் கூர்ந்து பார்ப்பது குறைந்துபோனதைக் கண்டேன். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இப்போது, முதலில் கண்ணால் பார்த்து எழுதிய பிறகுதான் வீடியோ.

போன பிப்ரவரியில், ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், ஏழாம் வகுப்புப் பெண்கள் குழு ஒன்று என்னிடம் வந்தது. "சார், எங்களப் பாக்க அந்தப் பசங்க குழுவ உக்கார வைங்க. அவங்கதான் கண்டுபிடிப்பாங்க." ஜூன் மாதத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்த அதே இரண்டு குழுக்கள். பையன்கள் அட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். "அட்டை வேணாம்டா, மூணாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் நடுவுல மட்டும் பாருங்க, அங்கதான் அலை உடையுது" என்றாள் அந்தக் குழுவின் தலைவி. செய்தார்கள். பையன்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, "இவ இறங்கினதுக்கு அப்புறந்தான் அவ கையத் தூக்குறா. இவ கால் உச்சிக்குப் போகும்போதே அவ தூக்கணும்" என்று கையாலேயே கார்ட்வீலைப் போட்டுக் காட்டினான். நாலாவதாக நின்றவள் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மறுபடியும் தொடங்கினார்கள்.